பனிப்புயல் நினைவுரைகளும் புனைவும்: அமெரிக்கப் புல்வெளிக் குடியேற்ற எழுத்துகளை முன்வைத்து

பேரிடர் ஒன்றில் சிக்கி உயிர்பிழைத்தவர் பிற்காலத்தில் சொல்லும் நினைவுரையை இலக்கியத் திறனாய்வு எவ்விடத்தில் வைத்து எண்ணுவது என்னும் வினாவிற்குத் தமிழில் இன்னும் தெளிவான விடை கிட்டவில்லை. வரலாற்றாசிரியர் அதனைத் தரவாகக் கொள்கின்றனர். நாட்டார் வழக்காற்றியலார் வாய்மொழி வடிவமாகக் கொள்கின்றனர். இலக்கியத் திறனாய்வாளரோ, அந்நினைவிலிருந்து ஒரு புதினம் பிறந்தால் மட்டுமே அதன் பக்கம் திரும்புகின்றனர். அவ்வாறு திரும்பும்போதும் நினைவுரை மூலப்பொருளாகவும் புதினம் முடிவடைந்த பொருளாகவும் எண்ணப்பெறுகின்றன. இவ்வரிசைமுறை பொருந்துமா என்பதை அமெரிக்க நடுமேற்குப் புல்வெளியின் பனிப்புயல் நினைவுரைகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை நான்கு. 1888 சனவரி 12 பனிப்புயலில் உயிர்பிழைத்தோரின் நினைவுரைகளைத் தொகுத்து 1947இல் வெளியிடப்பெற்ற 'இன் ஆல் இட்ஸ் ஃப்யூரி' என்ற தொகைநூல் முதலாவது. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1930ஆம் ஆண்டளவில் எழுதி, அவர் காலத்தில் அச்சேறாமல், 2014இல் பதிப்பிக்கப்பெற்ற 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாறு இரண்டாவது. அவரே 1940இல் வெளியிட்ட 'தி லாங் வின்ட்டர்' என்ற புதினம் மூன்றாவது. நார்வேயிலிருந்து குடியேறிய ஓ. இ. ரோல்வாக்கின் 'ஜயன்ட்ஸ் இன் தி எர்த்' (ஆங்கில வடிவம் 1927) நான்காவது. ஒரே நிலப்பரப்பின் ஒரே வகைத் துயரத்தைப் பேசுவனவாயினும், இந்நான்கும் நினைவை நான்கு வகையில் கையாள்கின்றன.

1. நிகழ்வும் அதன் இயல்பும்

பனி என்ற நம் சொல் காலைத் துளியையும் மூடுபனியையும் குளிரையும் விண்ணிலிருந்து பொழியும் வெண்பனியையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே பனிப்புயல் என்றவுடன் மிகுந்த பனிப்பொழிவையே மனம் எண்ணுகிறது. உண்மையில் பனிப்புயலின் இலக்கணத்தில் பொழிவின் அளவிற்கு இடமில்லை. மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றும், பறக்கும் பனியால் 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் புலப்படாத நிலையும் மூன்று மணி நேரமேனும் நீடித்தால் அமெரிக்க வானிலைத் துறை அதனைப் பனிப்புயல் என்கிறது. புதுப்பனி பொழியாமலேயே, தரையில் கிடக்கும் பனியைக் காற்று எழுப்பியும் பனிப்புயல் உண்டாகலாம். எனவே அது காற்றாலும் பார்வையின்மையாலும் ஆவது. நினைவுரைகள் அனைத்திலும் குளிரைவிடக் குருட்டுத்தன்மையே முதன்மை அச்சமாக அமைவதன் காரணம் இதுவே.

இரு குளிர்காலங்கள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று 1880-81. அவ்வாண்டு அக்டோபரிலேயே தொடங்கிய புயல்கள் வசந்தம் வரை ஓயவில்லை. தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் என்ற புதிய ஊருக்குச் சனவரித் தொடக்கத்திலிருந்து மே மாதம் வரை தொடர்வண்டி வரவில்லை. உணவும் நிலக்கரியும் வண்டியில் வரவேண்டிய ஊர் அது. மற்றொன்று 1888 சனவரி 12. கடுங்குளிருக்குப் பின் அன்று காலை வியப்பூட்டும் வகையில் இதமாக விடிந்தது. மக்கள் மேலாடை குறைத்து வயலுக்கும் கடைக்கும் சென்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். டகோட்டாவில் முற்பகலிலும், நெப்ராஸ்காவின் பல பகுதிகளில் பள்ளி விடும் வேளையை ஒட்டியும் புயல் தாக்கியது. மாவுபோல் நுண்ணிய பனித்துகள் கண்ணிமைகளை ஒட்டவைத்தது, மூச்சை அடைத்தது. 235 பேர் இறந்தனர் என்பது பொதுவாகச் சுட்டப்பெறும் மதிப்பீடு. பள்ளிப்பிள்ளைகள் பலர் மாண்டமையால் அது 'பிள்ளைகளின் பனிப்புயல்' என்றே பெயர் பெற்றது.

அன்று வானிலை முன்னறிவிப்புப் பணி இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவிடம் இருந்தது. குளிரலை பற்றிய அறிவிப்பு வெளியிடப்பெற்றது. ஆனால் அது தந்திக்கம்பி செல்லும் ஊர்களுக்கே எட்டக்கூடியது. புல்வெளியில் தனித்தனியே சிதறிக்கிடந்த வீடுகளுக்கு எட்டவில்லை. டேவிட் லாஸ்கின் 2004இல் எழுதிய 'தி சில்ட்ரன்ஸ் பிளிசர்ட்' என்ற வரலாற்று நூல் இதனை விரிவாக எடுத்துரைக்கிறது. இயற்கையின் சீற்றம் என்று நினைவுரைகள் சொல்வதில் ஒரு பகுதி, செய்தி சென்றுசேராமையின் விளைவு என்பதை மறத்தலாகாது.

2. 'அன்று காலை இதமாக இருந்தது'

1940இல் லிங்கன் நகரில் அப்புயலில் உயிர்பிழைத்தோர் கூடி ஒரு கழகம் அமைத்தனர். நிகழ்ச்சி முடிந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று பத்து வயதினராக இருந்தோர் அறுபதைக் கடந்திருந்தனர். அவர்களிடமிருந்து திரட்டப்பெற்ற உரைகளையே டபிள்யூ. எச். ஓகாரா நூலாகத் தொகுத்தார்.

இவ்வுரைகளைத் தொடர்ந்து படிப்போர் ஒரு பொதுக்கட்டமைப்பை உணரலாம். இதமான காலை, வடமேற்கில் எழும் கரிய அல்லது வெண்ணிறச் சுவர், இடியோசை போன்ற இரைச்சல், உடனடி இருள், கைவிரல் கண்ணுக்குத் தெரியாமை, கயிறு, வேலி, வைக்கோற்போர் என ஏதேனும் ஒன்று கைக்கு அகப்படுதல், மறுநாள் காலையின் கொடிய தெளிவு. சொல்வோர் ஊர் வேறு, வயது வேறு, மொழிப்பின்னணி வேறு. ஆயினும் கட்டமைப்பு ஒன்றாகவே உள்ளது.

இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? வானிலைப் பதிவுகள் அன்றைய காலையின் இதத்தை உறுதிசெய்கின்றன. எனவே அது புனைந்துரை அன்று. அதே வேளையில், ஐம்பது ஆண்டுகள் ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் சொல்லி வந்தமையால் அது ஒரு வாய்பாடாகவும் இறுகிவிட்டது. வாய்பாடு என்றால் பொய் என்றும், உண்மை என்றால் வாய்பாடு அன்று என்றும் கொள்ளும் வழக்கம் நம் ஆய்வுகளில் உண்டு. இந்நினைவுரைகள் அவ்விருமையைத் தகர்க்கின்றன. வாய்மொழிப் பாடல் மரபை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று. ஒரு கையறுநிலைப் பாடல் மரபான தொடரால் அமைந்தமையால் அதன் துயரம் பொய்யாகிவிடுவதில்லை. இதமான காலை என்னும் தொடக்கம் தகவலாக அமைவதோடு, 'ஏன் வெளியே போனோம்' என்னும் ஆறாத வினாவிற்கு உயிர்பிழைத்தோர் கூறிக்கொள்ளும் விடையாகவும் அமைகிறது. அதில் இறந்தோர்மீது பழி விழாமல் காக்கும் பரிவும் உண்டு.

3. கயிறு

நினைவு எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு ஆசிரியைகள் இருவரின் கதை சான்றாகிறது. நெப்ராஸ்காவின் மைரா பள்ளத்தாக்குப் பள்ளியில் பணியாற்றிய மின்னி ஃப்ரீமன், கூரை பிய்ந்த பள்ளியிலிருந்து தம் மாணவரை வெளியே அழைத்துச் சென்று ஒரு பண்ணைவீட்டில் சேர்த்தார். பிள்ளைகளைக் கயிற்றால் ஒன்றாகப் பிணைத்து நடத்திச் சென்றார் என்பது பரவிய செய்தி. எத்தனை பிள்ளைகள் என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன. கயிறு இருந்ததா என்பதிலும் வேறுபடுகின்றன. அவ்வாண்டிலேயே வெளிவந்த ஒரு புகழ்ப்பாடல் பதின்மூவர் காக்கப்பெற்றனர் என்று தலைப்பிட்டது. 1967இல் நெப்ராஸ்கா மாநிலத் தலைமைக் கட்டடத்தில் ஜீன் ரெய்னல் அமைத்த பதிகல் சுவரோவியம் ஆசிரியையும் பிள்ளைகளும் தொடர்ந்து செல்லும் காட்சியை நிலைநிறுத்தியது.

பிளெய்ன்வியூ ஊரை அடுத்த பள்ளியின் லோயிஸ் ராய்சிடம் அன்று மூன்று பிள்ளைகள் இருந்தனர். எரிபொருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தொலைவில் இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டவர் வழி தவறினார். மூன்று பிள்ளைகளும் அவருடைய அணைப்பிலேயே இரவில் உறைந்து இறந்தனர். அவர் உயிர்பிழைத்துப் பாதங்களை இழந்தார்.

இருவரும் செய்தது ஒன்றே. அழிந்துகொண்டிருந்த அல்லது வெப்பம் இழந்த பள்ளியை விட்டு, அறிந்த வீட்டை நோக்கிப் பிள்ளைகளுடன் நடந்தனர். ஒருவர் சென்றடைந்தார், மற்றவர் சென்றடையவில்லை. ஒமாகா நகர் நாளிதழ் ஒன்று திரட்டிய வீராங்கனையர் நிதி ராய்சையும் போற்றியது என்பது உண்மை. ஆனால் பாடலும் சுவரோவியமும் ஃப்ரீமனுக்கே வாய்த்தன. ஆக, கயிற்றின் இருப்பு பற்றிய ஐயத்தைவிடக் கயிறு ஏன் தேவைப்பட்டது என்பதே திறனாய்வுக்குரிய வினா. வெற்றிக்கு ஒரு காரணம் வேண்டும். கயிறு அக்காரணத்தைத் தருகிறது. கயிறு இல்லையெனில் ஃப்ரீமனுக்கும் ராய்சுக்கும் இடைப்பட்ட வேறுபாடு காற்றின் திசையாக மட்டுமே எஞ்சும். அதனைத் தாங்கிக்கொள்ளச் சமுதாய நினைவு மறுக்கிறது. 2021இல் மெலனி பெஞ்சமின் எழுதிய புதினம் ஆசிரியைகளான இரு சகோதரிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் புகழ் பெறவும் மற்றவர் பழி சுமக்கவும் செய்வது இவ்வினாவிற்குப் புனைவு தேடிய தாமதமான விடை எனலாம்.

4. விடுபட்ட குடும்பம்

வைல்டர் 1880-81 குளிர்காலத்தில் பதின்மூன்று வயதினராகத் தொடங்கிப் பதினான்கை எட்டியவர். அவருடைய புதினத்தில் ஊரிலுள்ள கடைக்கட்டடம் ஒன்றில் இங்கல்ஸ் குடும்பத்தார் அறுவரும் தனித்து வாழ்கின்றனர். விறகில்லாத நிலத்தில் வைக்கோலை முறுக்கி எரிக்கின்றனர். காப்பி அரைக்கும் சிறு எந்திரத்தில் கோதுமையை அரைத்துப் பழுப்பு ரொட்டி சுடுகின்றனர். மண்ணெண்ணெய் தீர்ந்தபின் வண்டி அச்சுக்கொழுப்பில் துணித்திரியிட்டு விளக்கேற்றுகின்றனர். வீட்டிற்கும் தொழுவத்திற்கும் இடையே கட்டிய துணிக்கொடியைப் பற்றித் தந்தை சென்று வருகிறார். இவ்விவரங்களின் நம்பகம் பெரிது. அக்குளிர்காலத்தின் கடுமையை வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டு பார்பரா பூஸ்டட் முதலானோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, புதினம் கூறும் கடுமை மிகைப்படுத்தப்பட்டதன்று என்று காட்டியது.

ஆனால் அவருடைய தன்வரலாற்றில் அவ்வீட்டில் வேறொரு குடும்பமும் இருக்கிறது. ஜார்ஜ் மாஸ்டர்ஸ், அவர் மனைவி மேகி, அங்கேயே பிறந்த அவர்களுடைய குழந்தை ஆகியோர் அக்குளிர்காலம் முழுதும் இங்கல்ஸ் வீட்டிலேயே தங்கினர். ஜார்ஜ் வேலைக்குப் பிந்துபவர், உணவுக்கு முந்துபவர், அடுப்பருகே இடம்பிடிப்பவர். புதினத்தில் இவர்கள் மூவரும் இல்லை. இவர்களை விட்டுவிட்டதற்கான காரணங்களை வைல்டர் தம் மகள் ரோஸ் வைல்டர் லேனுடன் கடித வழியே விவாதித்துள்ளார். குடும்பத்தின் தனிமையே கதையின் வலிமை. இவர்கள் நுழைந்தால் அது குலையும் என்பது அதன் சாரம்.

புனைவாசிரியர்க்கு நீக்கும் உரிமை உண்டு. நீக்காமல் கலையில்லை என்று வாதிடலாம். அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. புதினத்தின் செறிவு அந்நீக்கத்தால் விளைந்ததே. தன்னுழைப்பால் வாழும் குடும்பம் என்னும் கருத்தியலுக்காகவே இந்நீக்கம் நிகழ்ந்தது என்று முழுமையாகச் சொல்லிவிடவும் இயலாது. அரசின் தலையீட்டை வெறுத்த லேனின் அரசியல் சார்பு நூல்வரிசையில் படிந்திருப்பது ஆய்வாளர் பலர் சுட்டியதே. எனினும் இதே புதினத்தில்தான் இளைஞர் இருவர் உயிரைப் பணயம் வைத்து ஊருக்காகக் கோதுமை கொண்டு வருகின்றனர். ஒரு புஷல் ஒன்றேகால் டாலருக்கு வாங்கப்பெற்ற அக்கோதுமையை மூன்று டாலருக்கு விற்க முனையும் வணிகரை ஊரார் கூடித் தடுக்கின்றனர். பொதுநன்மைக்கு இப்புதினத்தில் இடம் உண்டு.

அவ்வாறாயின் நீக்கத்தால் இழக்கப்பெற்றது யாது? புதினத்தில் உணவைப் பகிர்வோர் அனைவரும் அன்புக்குரியவர். மேரிக்குக் கண் தெரியாது, கேரி மெலிந்தவள், கிரேஸ் சிறுகுழந்தை. அவர்களோடு பகிர்வது அன்பின் செயல். தன்வரலாற்றிலோ, தமக்குப் பிடிக்காத, தமக்கு உதவாத ஒருவரோடும் அதே ரொட்டி பகிரப்பெறுகிறது. அவரை வெளியே தள்ளினால் அவர் இறப்பார், எனவே தள்ளவில்லை. அன்பு எட்டாத இடத்தில் நிற்கும் அறம் இது. வைல்டர் இதனை அறமாகப் போற்றவில்லை, எரிச்சலோடுதான் எழுதுகிறார். அவ்வெரிச்சலே அச்செயலின் மதிப்பைக் காட்டுகிறது. மூலப்பொருள் என்று ஒதுக்கப்பெற்ற நினைவுரை, முடிந்த கலை என்று போற்றப்பெற்ற புதினத்தைவிட இவ்வோரிடத்தில் ஆழமானது என்று துணிந்து கூறலாம்.

5. காணாதவரின் உறுதி

ரோல்வாக் 1896இல் அமெரிக்கா சென்றவர். தம் புதினம் சித்திரிக்கும் குளிர்காலத்தை அவர் நேரில் கண்டவரல்லர். முந்தைய தலைமுறைக் குடியேறிகளிடம் கேட்டறிந்தவர். அவருடைய கதைத்தலைவன் பெர் ஹான்சா, சாகக்கிடக்கும் நண்பனுக்காகச் சமயகுருவை அழைத்துவரப் பனிப்புயலில் புறப்படுகிறான். மே மாதத்தில், பழைய வைக்கோற்போரில் சாய்ந்து மேற்கு நோக்கி அமர்ந்த நிலையில் அவன் உடல் கண்டெடுக்கப்பெறுகிறது.

இம்முடிவை எந்த நினைவுரையாலும் சொல்ல முடியாது, இறந்தவர் நினைவுகூர்வதில்லை. நினைவுரை என்னும் வகைமைக்குள்ளேயே இருக்கும் எல்லை இது. 1947 தொகைநூலின் உரைகளில் பெரும்பாலானவை பிழைத்தவர் குரல். ஹோல்ட் வட்டாரத்தில் வைக்கோற்போரில் மூன்று நாள் கிடந்து மீட்கப்பெற்றுச் சில வாரங்களில் இறந்த எட்டா ஷட்டக் என்ற இளம் ஆசிரியையின் உள்ளம் பிறர் வாய்மொழியாகவே நமக்கு வருகிறது. இந்த இடைவெளியில்தான் புனைவின் தேவை பிறக்கிறது. ஆகவே நினைவுரையைப் புனைவுக்கு மேலே வைப்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று. புனைவு இறந்தோர்க்காகப் பேசும்போது தன் கடமையைச் செய்கிறது. வாழ்ந்தோரைக் கதையழகுக்காக நீக்கும்போது அதற்குரிய விலையைக் கொடுக்கிறது.

6. எவர் குளிர்காலம்?

இந்நான்கு எழுத்துகளும் குடியேறியவர் எழுத்துகள். அந்நிலத்தின் தொல்குடிகளான லக்கோட்டா மக்கள் ஆண்டையும் குளிர்காலத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர். முதற்பனி தொடங்கி அடுத்த முதற்பனி வரை ஓராண்டு. அவ்வாண்டுக்கு ஒரு நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சிக்குத் தோலில் ஓர் ஓவியம். குளிர்கால எண்ணிக்கை எனப்பெறும் இவ்வோவியச் சுருள்களைப் பேணுவோர் அவற்றைக் காட்டிக் கதை சொல்வர். 1833இன் விண்கற்பொழிவு அவற்றுள் பலவற்றில் விண்மீன்கள் வீழ்ந்த ஆண்டாகப் பதிவாகியுள்ளது. தனிமனித நினைவு அங்கே குழுவின் ஒப்புதலைப் பெற்று ஒற்றைப் படமாகிறது.

வைல்டரின் புதினத்தில் முதியவரான தொல்குடியினர் ஒருவர் ஊர்க் கடைக்கு வந்து, நீண்ட கடுங்குளிர் வரப்போவதாக எச்சரித்துவிட்டுச் செல்கிறார். அவர் சொன்னதை நம்பியே தந்தை குடும்பத்தை ஊருக்குள் கொண்டுவருகிறார். அறிவைத் தந்தவர் அத்துடன் கதையிலிருந்து மறைகிறார். அக்குளிர்காலத்தை அவருடைய மக்கள் எங்கே, எவ்வாறு கழித்தனர் என்று கதை கேட்பதில்லை. 1889இல் பெரிய சியூ ஒதுக்குநிலம் சட்டத்தால் துண்டாடப்பெற்று அதன் ஒரு பகுதி குடியேற்றத்திற்குத் திறக்கப்பெற்றது என்பதை நினைவிற்கொண்டால், இந்த மறைவு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

7. திரிபு என்னும் கருத்து

கனடா, நார்வே முதலிய நாடுகளில் வாழும் ஈழத்தமிழர் எழுத்துகளை முன்னிட்டு, பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்னும் கருத்து நம்மிடையே பேசப்பட்டு வருகிறது. புலம்பெயர் வாழ்வின் அயன்மையைச் சுட்ட அது பயன்பட்டுள்ளது. எனினும் மேற்கண்ட நினைவுரைகள் வேறொன்றை எண்ணத் தூண்டுகின்றன. புல்வெளிக் குடியேறிக்குப் பனிப்புயல் ஒரு நிலமன்று. காலையில் மேய்ச்சல் நிலமாக இருந்தது மாலையில் வழியற்ற வெளியாகிறது. மறுநாள் மீண்டும் மேய்ச்சல் நிலமாகிறது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் இழந்து திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை கூறும். வேனிலால் நிகழும் அத்திரிபு இங்கே வாடையால் நிகழ்கிறது. ஆகவே பனிப்புயலைப் புதுத்திணையாக எண்ணுவதினும் திரிபாக எண்ணுவதே பொருத்தம். பிரிவும் ஆற்றிடைத் துன்பமும் அந்நினைவுரைகளின் உரிப்பொருளாக அமைவதும் இக்கருத்தை வலுப்படுத்தும்.

குளிரை ஒருவர் உடலோடு நிறுத்தாமல் கோவலர், பறவை, கறவை, நகரமாந்தர் என அனைவர் உடலிலும் காட்டும் நெடுநல்வாடையின் முறையும் இங்கு நினையத்தக்கது. குளிர் பொதுவானது என்பதே அதன் பார்வை. அப்பார்வையில் மாஸ்டர்ஸ் குடும்பத்தை நீக்குவதற்கு இடமில்லை.

8. முடிவாக

பேரிடர் நினைவுரையில் வாய்பாடும் உண்மையும் முரண்படுவனவல்ல. கயிறு போன்ற ஐயத்திற்குரிய விவரங்களை நீக்குவதினும், அவை ஏன் தேவைப்பட்டன என்று வினவுவதே ஆய்வுக்குப் பயன் தரும். புனைவு நினைவுரையின் வளர்ந்த வடிவம் என்னும் எண்ணமும் மறுபரிசீலனைக்கு உரியது. இறந்தோர் பக்கம் புனைவும், பிடிக்காதவரோடு பகிர்ந்து வாழ்ந்த அன்றாடத்தின் பக்கம் நினைவுரையும் வலிமை பெறுகின்றன.

இதனால் நமக்கும் ஒரு கடமை உண்டாகிறது. 1964 திசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்டோர் முதுமையடைந்துவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். 2004 ஆழிப்பேரலையைச் சிறாராக இருந்து கண்டோர் இன்று நடுவயதை நெருங்குகின்றனர். அவர்தம் உரைகளைத் திரட்டும் தமிழ்த்துறைகள், ஒன்றோடொன்று பொருந்தாத கூற்றுகளையும் பொருந்தாதவாறே பதிப்பிக்க வேண்டும். வீரச்செயல்களோடு, சென்றடையாமற்போனவரின் நடையும், அடுப்பருகே இடம்பிடித்த வேண்டா விருந்தினரும் அத்தொகுப்புகளில் இடம்பெற வேண்டும். கதைக்கு ஒவ்வாதவர் என்பதற்காக நினைவிலிருந்தும் ஒருவர் வெளியேற்றப்பெறுதல் ஆகாது.